பல்லு கிளினிக்ல நிக்கிற எங்கட பேரும் இன்சூரன்ஸ்ல வரோணும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் கல்முனைப் பக்கம் ஒரு தனியார் பல்லு கிளினிக்ல அசிஸ்டன்டா நிக்கிறன். இதுக்கு முதல் வேற ரெண்டு இடத்துல நிண்டதையும் சேத்தா இந்த வேலையில எனக்கு 14 வருசம். போன கிழமை எங்கட கிளினிக்குக்கு புதுசா ஒரு புள்ள வந்திச்சு, ஏஎல் முடிச்ச கையோட வந்த புள்ள, அரை மணித்தியாலம் நான் சாமான் எல்லாம் காட்டிக் குடுத்த மறுகா என்னப் பாத்து கேட்டா, "அக்கா, நம்மட கையால ஏதும் பிழை நடந்தா ஆரு காசு கட்டுற?" எண்டு. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. 14 வருசத்துல நான் ஆரிட்டயும் கேக்காத கேள்விய அந்தப் புள்ள முதல் நாளே கேட்டுட்டு. அதுக்கு நேரா ஒரு பதில் சொல்ல ஏலாமப் போனதாலதான் இத எழுதுறன், கொஞ்சம் நீளமா வந்தாலும் தயவுசெஞ்சு போடுங்க.

பல்லு டொக்டரிட்ட போற ஆக்களுக்கு எங்கள பெரிசாத் தெரியாது. டொக்டர் வாய்க்குள்ள பாக்கிறார், பக்கத்துல ஒரு புள்ள துப்பல் இழுக்கிற குழாயப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான் தெரியும். ஆனா கதிரையில நீங்க சாயுறதுக்கு முதலே பாதி வேலை எங்கட கையால முடிஞ்சிருக்கும். உங்களுக்கு பிரஷர் இருக்கா, சீனி இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கிறீங்களா எண்டு கேட்டு கார்ட்ல எழுதுறது நாங்க. எக்ஸ்ரேய எடுத்து டொக்டருக்கு முன்னால மாட்டுறது நாங்க, அத இடம் வலம் மாத்தி மாட்டினா கீழ்க் கடைவாயில இடப்பக்கத்து 36ம் நம்பர் பல்லுக்குப் பதிலா வலப்பக்கத்து 46ம் நம்பர் போயிரும். கிருமியக் கொல்லுற ஓட்டோகிளேவ் மெசின்ல சாமான வச்சு 121 பாகையில 15 நிமிசம், அல்லாட்டி 134ல 3 நிமிசம் எண்டு ஓட விட்டு, ஆற வச்சு எடுக்கிறது நாங்க, அவசரத்துல சூடு ஆறாம எடுத்துக் குடுத்தா விறைச்சுப் போன சொண்டு வெந்தாலும் அந்த ஆளுக்கு அப்ப தெரியாது, வீட்ட போய் விறைப்பு விட்டாப் பொறகுதான் தெரியும். விறைப்பூசியில மருந்து ஏத்தி வைக்கிறது, வேர் சிகிச்சைக்கு கழுவுற மருந்து இழுத்து வைக்கிறது, எல்லாம் எங்கட கைதான். ஒவ்வொண்டுலயும் ஒரு பிழைக்கு இடம் இருக்கு.

எனக்கு நடந்தத சொல்றன், ஊரும் பேரும் வேணாம். நான் இந்த வேலைக்கு வந்து மூண்டாம் வருசம். பின்நேர கிளினிக், அண்டைக்கு 17 பேர், நிக்கிறது நான் ஒரு ஆள்தான், துண்டு வெட்டுறதும் நான், போன் எடுக்கிறதும் நான், பில் எழுதுறதும் நான், சாமான் கழுவுறதும் நான். ஏழு மணி போல ஒரு ஆளுக்கு வேர் சிகிச்சை முடிஞ்சுது. வேர் சிகிச்சைக்கு பல்லுட வேருக்குள்ள கழுவுறது சோடியம் ஹைப்போகுளோரைட், நம்ம வீட்டுல உடுப்புக்குப் போடுற பிளீச்சுட அதே சாமான்தான். அது ஒரு அஞ்சு மில்லி சிரிஞ்சில பாதி மிச்சம் இருந்திச்சு. அடுத்தாள் ஒரு அக்கா, கீழ் ஞானப்பல்லு முரசுக்குள்ள படுத்துக் கிடந்தது, முரச வெட்டித்தான் எடுக்கோணும். அதுக்கு கழுவுறது சேலைன், உப்புத் தண்ணி. அதையும் அதே மாதிரி அஞ்சு மில்லி சிரிஞ்சிலதான் இழுத்து வச்சிருந்தன். ரெண்டும் தண்ணி மாதிரித்தான் இருக்கும், பேர் எழுதி ஒட்டுற பழக்கம் அங்க இல்ல, ஒட்டச் சொல்லி ஆரும் சொல்லித் தரவும் இல்ல. பழைய தட்டுல கிடந்த சிரிஞ்ச நான் ஒதுக்கல்ல. டொக்டர் பல்ல எடுத்துட்டு கைய நீட்டினார், நான் குடுத்தன், அவர் குழிக்குள்ள அடிச்சார்.

பிளீச் வாசம் மூக்குல அடிச்ச அந்த நொடி இண்டைக்கும் எனக்கு கண்ணுக்குள்ள நிக்கிது. டொக்டர் என்னத்தான் பாத்தார். அந்த அக்காவுக்கு விறைச்சுக் கிடந்தபடியா எரிவு உடனே தெரியல்ல, என்னவோ மணக்குது எண்டு கையால மட்டும் காட்டினா. சேலைன் போத்தல் போத்தலா விட்டுக் கழுவினோம். ஆனாலும் விடியக்குள்ள கன்னம் வீங்கி, கழுத்து வரைக்கும் கண்டிப் போய், வாய் திறக்க ஏலாம மூண்டு நாள் ஆசுபத்திரியில கிடந்தா. ரெண்டு கிழமைக்கு மேல கஞ்சித் தண்ணிதான். அவ தையல் மெசின் ஓட்டி நாலு சீவனுக்கு சோறு போடுற ஆள், பெருநாள் நேரத்து தையல் ஓடர் எல்லாம் போச்சு. இத நான் எழுதுறது என்ன நல்லவளாக் காட்டுறதுக்கு இல்ல, பிழை என்ட பிழை, அத நான் எண்டைக்கும் மறுக்கல்ல. அந்த அக்காவுக்கு சேர வேண்டிய காசு ஒழுங்காப் போய்ச் சேரோணும் எண்டதுதான் எனக்கு முதல் கவலை. அந்தக் காசு எங்க இருந்து வரோணும் எண்டதுதான் என்ட கேள்வி.

அஞ்சாம் நாள் அவவுட புருசனும் ஊர்ப் பெரியாக்கள் ரெண்டு பேரும் கிளினிக்குக்கு வந்தாங்க. நல்ல மனுசர், சத்தம் போடல்ல. உள் அறையில டொக்டரோட இருந்து கதைச்சு ஒன்றரை லட்சத்துக்கு பேசி முடிச்சாங்க. நான் வெளிய நிண்டன். மறுகா டொக்டர் கூப்பிட்டு சொன்னார், "புள்ள, ஒரு லட்சம் நான் குடுக்கிறன், அம்பதாயிரம் உன்ட கணக்கு, மாசம் அய்யாயிரமா வெட்டுறன்" எண்டு. அப்ப என்ட சம்பளம் 14,000. நான் தலைய ஆட்டிட்டு வந்துட்டன், வேற என்ன செய்ய, பிழை விட்டவள்தானே நான். வீட்ட ஏச்சு வாங்கி, காதுல கிடந்தத அடகு வச்சுத்தான் அந்தப் பத்து மாசம் போச்சு.

ரெண்டு வருசத்துக்குப் பொறகுதான் எனக்கு இன்னொண்டு தெரிய வந்திச்சு. அலுமாரி அடுக்கக்குள்ள ஒரு பைல் விழுந்திச்சு, திறந்து பாத்தா டொக்டருட இன்சூரன்ஸ் பொலிசி. தொழில்ல பிழை நடந்து ஆரும் நட்டஈடு கேட்டா கட்டுறதுக்குரிய பொலிசி, வருசா வருசம் பிரீமியம் கட்டிக்கிட்டு வந்திருக்கிறார், அந்தச் சம்பவம் நடந்த வருசமும் அது உசிரோடதான் இருந்திருக்கு. இருந்தும் அதுல கிளெய்ம் பண்ணல்ல. ஏன் எண்டு அவரிட்ட நேராக் கேட்டன், நல்லாத்தான் விளக்கம் சொன்னார். பொலிசியோட முதல் பக்கத்துல அவர்ட பேர் மட்டும்தான் இருக்கு, பிழை உன்ட கையால நடந்தது, உன்ட பேர் அதுல இல்ல, கேட்டாலும் தரமாட்டாங்க எண்டு நான் கேக்கவே இல்ல எண்டார். அவர் சொன்னது சரியோ பிழையோ, அந்தப் பொலிசியில ஊழியர் சேருவாங்களா இல்லையா எண்டு அந்த வசனத்த ஒரு லோயரிட்டயோ இன்சூரன்ஸ்காரரிட்டயோ காட்டி கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்காம விட்டதுல அவருக்கு ஒரு லட்சம் போச்சு, எனக்கு அம்பதாயிரம் போச்சு, அந்த அக்காவுக்கு உரிய தொகை கிடைச்சுதா எண்டதும் ஆருக்கும் தெரியாது, ஏனெண்டா அவவுட நட்டத்த ஒழுங்காக் கணக்குப் பாத்த ஆள் ஒருத்தரும் இல்ல.

இதுல நாங்க விளங்கிக்கொள்ள வேண்டியது ஒண்டு இருக்கு. நம்மட நாட்டுல இந்த மாதிரி நட்டஈட்டு வழக்கு ஒல்லாந்தர் காலத்துல இருந்து வந்த ரோமன் டச்சு சட்டத்துலதான் போகும். வேலை நேரத்துல வேலைக்காரர் கவலையீனத்தால விட்ட பிழைக்கு வேலை குடுத்தவரும் பொறுப்பு, ஆனா அதுக்காக பிழை விட்ட ஆள் தப்பிட்டார் எண்டு இல்ல, ரெண்டு பேரையும் சேத்தே வழக்கு வைக்கலாம். வழக்கு வைக்க சாதாரணமா ரெண்டு வருசம் அவகாசம் இருக்கு. அதால "டொக்டர் பாத்துக்கொள்ளுவார்" எண்டு நாங்க சும்மா இருக்கேலா. வைத்தியத்துல கவலையீனம் எண்டு ஒரு புள்ளையிட தகப்பன் குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியை பிரியானி சொய்சாவுக்கு எதிரா வச்ச வழக்கு பெரியாக்களுக்கு ஞாபகம் இருக்கும். மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் கட்டச் சொல்லி, மேன்முறையீட்டு நீதிமன்றம் அத ரெண்டரை லட்சமாக் குறைச்சு, கடைசியில உயர் நீதிமன்றம் அவவுட பக்கம் தீர்ப்புச் சொன்னது. முடிய வருசக்கணக்காப் போச்சு. கடைசியில வெண்டாலும் அது வரைக்கும் லோயருக்கு காசு கட்டித்தானே ஆகோணும். இன்சூரன்ஸ் எண்டா நட்டஈடு மட்டும் எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க, வழக்குப் பேசுற செலவையும் கட்டுறதுதான் நல்ல பொலிசியோட பெரிய பயன். மாசம் முப்பது நாப்பதாயிரம் எடுக்கிற ஒரு புள்ள லோயரிட்ட ரெண்டு தவணை போனாலே அடகுக் கடைதான்.

இன்னொரு விசயம், இது நம்மட பகுதிக்கே உரியது. நம்மட ஊர்ல ஏதும் நடந்தா முதல்ல வாறது பொலிசோ கோட்டோ இல்ல, ஊர்ப் பெரியாக்கள், கோயில் தலைவர், பள்ளிவாசல் ஆக்கள், மிஞ்சினா மத்தியஸ்த சபை. அது நல்ல வழக்கம், நான் அதக் குறை சொல்லல்ல, அண்டைக்கு அந்தப் பெரியாக்கள் வந்திருக்காட்டி என்ட கதை வேற மாதிரிப் போயிருக்கும். ஆனா இந்த வகைப் பொலிசியள்ல வழமையா ஒரு நிபந்தனை இருக்கும், சம்பவம் நடந்த உடனே கம்பனிக்கு அறிவிக்கோணும், அவங்களக் கேக்காம பிழைய ஒத்துக்கொள்ளக் கூடாது, காசு தாறன் எண்டு வாக்குக் குடுக்கக் கூடாது எண்டு. நாம என்ன செய்றோம், உள் அறையில தேத்தண்ணி குடிச்சு, கை குடுத்து, தொகை பேசி முடிச்சுப் போட்டுத்தான் கம்பனிய நினைக்கிறோம். அப்ப அவங்க நிபந்தனைய மீறிட்டீங்க எண்டு கையக் கழுவலாம். வந்த பெரியாக்களிட்ட "ஐயா, எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, ரெண்டு நாள் பொறுங்க, அவங்களுக்கு அறிவிச்சுட்டு அவங்களையும் வச்சுக் கதைப்போம்" எண்டு சொன்னா ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க. பாதிக்கப்பட்ட ஆளிட்ட போய் சுகம் விசாரிக்கிறது, வைத்தியத்துக்கு கூட நிக்கிறது ஒண்டையும் எந்தப் பொலிசியும் தடுக்காது, அத ஒரு நாளும் விடக் கூடாது.

லண்டன்ல என்ட மச்சாள் ஒராள் டென்டல் நேர்சா இருக்கிறா, என்ட வேலைதான் அவ அங்க செய்றது. அங்க 2008 ஜூலை மாசக் கடைசியில இருந்து, படிச்சுப் பழகுற ஆக்களத் தவிர, பல்லு வைத்தியத்துல நிக்கிறவங்களப் பதியுற ஜெனரல் டென்டல் கவுன்சில்ல பதியாம அந்த வேலைய செய்யவே ஏலா. 2014ல இன்னொரு சட்டம் வந்து, நட்டஈட்டுக்குரிய ஏற்பாடு இல்லாம பதிவுல இருக்கவும் ஏலாது எண்டு ஆச்சு. அது சொந்தமா எடுத்ததா இருக்கலாம், வேலை குடுக்கிறவர் எடுத்த பொலிசியில இவவும் சேந்ததா இருக்கலாம், ஆனா இருக்கோணும். "கா, நீ இவ்வளவு காலமும் ஒண்டும் இல்லாமயா அந்தக் கதிரைக்குப் பக்கத்துல நிண்ட?" எண்டு மச்சாள் கேட்டது என்ன உலுக்கிப் போட்டுது. இங்க டொக்டர்மார் மெடிக்கல் கவுன்சில்ல பதிஞ்சவங்க. என்ன மாதிரி நிண்டு பாத்துப் பழகின ஆக்களுக்கு பதிவும் இல்ல, பொலிசியும் இல்ல, பிழை மட்டும் பேர் சொல்லி வரும்.

இதுல ரெண்டு விசயத்தப் போட்டு குழப்புறாங்க. என்ட கையில ஊசி குத்தி எனக்கு மஞ்சட் காமாலைக் கிருமி தொத்தினா அது எனக்கு வந்த காயம், அதுக்கு 1934ம் ஆண்டுல இருந்தே வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கு. நான் சொல்றது அது இல்ல, என்ட கையால மத்த ஆளுக்கு நடந்த காயத்துக்கு உரியது. அது வேற, இது வேற. ஒண்டு இருக்கு எண்டு மத்தத விட்டுடக் கூடாது. அதோட சம்பளத்துல கை வைக்கிற விசயம், 1954ம் ஆண்டு கடை காரியாலய ஊழியர் சட்டத்துல சம்பளத்துல என்னென்ன கழிக்கலாம் எண்டு வரையறை போட்டிருக்கு, முதலாளி நினைச்சபடி வெட்டேலா. அண்டைக்கு இது எனக்குத் தெரிஞ்சிருந்தா லேபர் ஒபிசுக்கு ஒரு நடை போயாவது கேட்டிருப்பன்.

என்னோட வேலை செய்ற தங்கச்சிமாருக்கும் ஒண்டு சொல்லோணும், கோவிக்காதீங்க. டொக்டர் வர பிந்துது எண்டு ஊத்தை சுரண்டுறது, விறைப்பூசி போடுறது, கம்பி முறுக்குறது எண்டு சில இடத்துல புள்ளையளச் செய்ய விடுறாங்க, நீங்களும் கெட்டிக்காரி எண்டு பேர் எடுக்க செய்றீங்க. பதிவு இல்லாத ஆள் பல் வைத்தியம் செய்றது சட்டப்படி குற்றம். எந்தக் கம்பனியிட எந்தப் பொலிசியும் அதுக்கு முன்னால வந்து நிக்காது. எத்தினை பேர் பேர் சேத்தாலும் நம்மட வேலை எல்லைக்குள்ள நிண்டாத்தான் அது காப்பாத்தும். அதால டொக்டர் சொன்னாலும் "எனக்கு ஏலா டொக்டர்" எண்டு சொல்லிப் பழகுங்க, வேலை போனா வேற வேலை எடுக்கலாம்.

வேலை விட்டுப் போற நேரமும் கவனம் வேணும். இந்த வகைப் பொலிசி ரெண்டு மாதிரி இருக்கு, ஒண்டு பிழை நடந்த திகதியப் பாக்கும், மத்தது கிளெய்ம் வந்த திகதியப் பாக்கும். ரெண்டாவது வகையெண்டா நான் இண்டைக்கு விட்ட பிழைக்கு அடுத்த வருசம் கடிதம் வரக்குள்ள பொலிசி நிண்டு போயிருந்தா ஒண்டும் கிடைக்காது. கலியாணம் கட்டிப் போறம், வெளிநாடு போறம் எண்டு கணக்கு முடிக்கக்குள்ள இதையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.

இப்ப நான் நிக்கிற இடத்து டொக்டர் அம்மா நல்லவ. அந்தப் புதுப் புள்ள கேட்ட கேள்விய அப்பிடியே போய்ச் சொன்னன், பைல எடுத்து மேசையில வச்சா, ரெண்டு பேரும் இருந்து வாசிச்சோம். ஊழியர் எண்டு ஒரு சொல் கிடக்கு, ஆனா அது பதிவு பெற்ற ஊழியர் எண்டு கிடக்கு, எங்களுக்கு பதிவு இல்லையே. ஏஜன்டுக்கு போன் எடுத்தோம், பேர் சேக்கலாம், கொஞ்சம் பிரீமியம் கூடும், கம்பனி எழுத்துல தரும் எண்டார். என்ட, அந்தப் புதுப் புள்ளையிட பேரும் ஐடி நம்பரும் நாங்க செய்ற வேலையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருக்கோம். அதோட சிரிஞ்சுக்கு கலர் ஸ்டிக்கர் வாங்கி வச்சாச்சு, ஹைப்போகுளோரைட்டுக்கு சிவப்பு, சேலைனுக்கு நீலம், ஒராள் வேலை முடிஞ்சா அந்தத் தட்டு முழுக்க வெளிய போன மறுகாதான் அடுத்தாள் உள்ளுக்கு வரலாம்.

ஆனா எல்லா இடத்துலயும் டொக்டர் அம்மா மாதிரி பைலத் தூக்கி மேசையில வைப்பாங்க எண்டு இல்ல. 2006ம் ஆண்டு 21ம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டப்படி பல்லு கிளினிக்கும் பதியோணும், வருசா வருசம் புதுப்பிக்கோணும். அந்தப் புதுப்பிக்கிற படிவத்தோட, இந்தக் கிளினிக்ல நிக்கிற உதவியாளர்மாருட பேர் விபரமும், அவங்களையும் சேத்த தொழில் பொறுப்பு இன்சூரன்சுட பிரதியும் கட்டாயம் வைக்கோணும் எண்டு சுகாதார அமைச்சும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையும் கேக்கோணும். அதுக்கு கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் நம்மட பக்கத்துல இருந்து எழுதிப் போடோணும். பொத்துவில்ல இருந்து வாழைச்சேனை வரைக்கும் மெயின் ரோட்டால போனா எத்தினை பல்லு கிளினிக் போட் தெரியுது, ஒவ்வொண்டுக்கு உள்ளயும் ஒரு புள்ள, ரெண்டு புள்ள நிக்குது. அதிகாரிமார் அடுத்த முறை பரிசோதனைக்கு வரக்குள்ள ஓட்டோகிளேவையும் குப்பை வாளியையும் பாக்கிறதோட, இந்தப் பைலையும் எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு பல் சிகிச்சை உதவியாளர்,
கல்முனை.